மாடு தொடாத பச்சை

ஊரில் அவரைச் 'சதவீதம்' என்றால்தான் தெரியும். கால்நடைத் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம். மேய்ச்சல் நிலத்துப் புல்லை உலர்த்தி, அரைத்து, அதில் புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அந்த மிடுக்கு வீட்டிலும் அடங்காது.

"உப்பு ரெண்டு சதவீதம் தூக்கலா இருக்கே?" என்பார் சாப்பிடும்போது.

"நாக்கு நூறு சதவீதம் நீளமா இருக்கே, அதைச் சொல்லுங்க" என்பாள் மனைவி.

அந்த வேலையின் முதல் பாடம், மேயும் மாட்டின் கூடவே நடப்பது. அது எதைக் கடிக்கிறதோ அதையே கையால் பறித்து மாதிரி எடுக்க வேண்டும். மாட்டு வாலுக்குப் பின்னால் இவரா? கௌரவம் என்னாவது! வேலியோரம் நின்று, குனியாமல் கைக்கு எட்டும் செழிப்பான புல்லைக் கொய்து பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். தங்கையின் மேய்ச்சல் நிலத்திலும் அதைத்தான் செய்தார்.

தங்கை புருஷனை இழந்தவள். ஒரே ஒரு சினைப்பசுவை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

"அண்ணா, கன்னு போடற வரைக்கும் மேய்ச்சல் போதுமா? இல்ல, புண்ணாக்கு, தவிடு ஏதாச்சும் வைக்கணுமா?"

"வேற வேலை இல்ல உனக்கு? புரதம் சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது. எதுவும் வேண்டாம், மேயவிடு."

அண்ணன் சொல்லுக்கு அவளிடம் மறுபேச்சு ஏது?

சில வாரங்களில் பசுவின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தங்கை கூப்பிட, சதவீதம் வந்து பார்த்தார். அவர் கொய்த அதே பச்சைப் புதரை நோக்கிப் பசு நடந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்த மொட்டைப் புல்லைச் சுரண்டத் தொடங்கியது. அவருக்குச் சுருக்கென்றது. பழைய சாணி விழுந்த இடம் அது. அங்கே புல் மதமதவென்று வளரும். மாடு வாய் வைக்காது. படித்ததுதான், மறந்திருக்கவில்லை.

'தப்பாச் சொல்லிட்டேன்மா, இன்னிக்கே தீவனம் வை' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாக்கு இருந்தது, அதைச் சொல்லும் மனிதன்தான் இல்லை.

"குடல்ல பூச்சி இருக்கும். மருந்து குடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கன்று பிறந்தது. எலும்பும் தோலுமாய் ஒருமுறை தலையைத் தூக்கியது. அப்புறம் தூக்கவே இல்லை. தாய்ப்பசு எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தது. தகவல் தெரிந்து சதவீதமும் வந்து நின்றார். கால்நடை மருத்துவர் பசுவின் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"கடைசி மாசங்கள்ல என்னம்மா தீவனம் வெச்சீங்க?"

"எதுவும் வைக்கலீங்க டாக்டர். எங்கண்ணன் புல்லைச் சோதிச்சு, மேய்ச்சலே போதும்னாரு. அவர் சொன்னா தப்பாதுங்க."

மருத்துவர் திரும்பினார். "எந்த இடத்துப் புல்லு சார் எடுத்தீங்க?"

"எல்லாம் முறைப்படி எடுத்ததுதான்" என்றார் சதவீதம்.

மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பசுவுக்கு ஊசி போடப் போனார். அண்ணனின் வெளிறிய முகத்தைத் தங்கை கவனித்தாள். கன்றின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"நீ ஏண்ணா இப்படி இடிஞ்சு போற? என் தலையெழுத்துக்கு நீ என்ன பண்ணுவ?"

அவர் வாங்கி மடமடவென்று குடித்தார்.

"ஆமாம்மா, எல்லாம் விதி" என்றார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.