கான்சென்ட் என்ற சொல்லின் அழகு

ஆங்கிலச் சொற்களின் லத்தீன் வேர்களையும் முன்னொட்டுகளையும் கற்றுக்கொடுத்துவிட்டால் உழைக்கும் மக்கள் பாதி விடுதலை அடைந்துவிடுவார்கள் என்று நான் மனமார நம்பியதுண்டு. வெகுகாலத்துக்கு முன்பு அல்ல, சென்ற ஆண்டுதான்.

ஞாயிறுதோறும் திருநின்றவூரிலிருந்து மின்ரயில் ஏறி வந்து, மண்ணூர்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறையில் இலவச வகுப்பு எடுத்தேன். மாணவிகள் ஆறு பேர். எல்லோரும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்பவர்கள், என்னைவிட மூத்தவர்கள். முன்னொட்டுகளுக்கு நீலம், வேர்களுக்குச் சிவப்பு என்று நான் வண்ணம் தீட்டியிருந்த அட்டையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள், செக்கிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கும் அக்கா ஓர் ஆங்கிலக் கடிதத்தோடு வந்தார். மறுநாள் காலை அதில் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம்.

நான் கடிதத்தைப் படிக்கவில்லை, அதில் வேட்டையாடினேன். முதல் வரியிலேயே ‘ட்ரான்ஸ்ஃபர்’ அகப்பட்டது. அக்கரைக்குச் சுமந்து செல்வது என்று பலகையில் எழுதினேன். அடுத்தது ‘கான்சென்ட்’. “கூடி உணர்வதுதான் சம்மதம். எவ்வளவு ஜனநாயகமான சொல், பாருங்கள்!” என் குரல் சற்றே தழுதழுத்தது என்றுகூட நினைக்கிறேன்.

“கூடி உணர்றதெல்லாம் அப்பால வெச்சிக்கலாம் சார். கையெழுத்து போட்டா எனுக்கு வேல கீதா, இல்லியா? அத்த சொல்லு” என்றார் அக்கா.

“அது சாரோட அட்டையில இல்லியேக்கா!” என்றார் பக்கத்திலிருந்தவர். வகுப்பே சிரித்தது.

அதன் பிறகுதான் கடிதத்தை முழுதாகப் படித்தேன். எந்தப் பெரிய சொல்லும் இல்லாத கடைசி வரியில் விஷயம் இருந்தது. வேறு யூனிட்டில் அவர் புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். பழைய சர்வீஸ் செல்லாது.

“ஒம்போது வருசத்த அப்டியே முழுங்கிடுவாங்கன்ற.”

கையெழுத்திட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் திங்கட்கிழமை கம்பெனி வாசலில் நிற்கப்போவது அவர், நான் அல்ல. ஆகவே சாதக பாதகங்களை விளக்கத் தொடங்கினேன். அவர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. செக்கிங்கில் சந்தேகம் வரும் பாகத்தைப் பாஸ் செய்யவும் மாட்டார்கள், கழித்து எறியவும் மாட்டார்கள். காரணம் எழுதிய ‘ஹோல்டு’ சீட்டைக் கட்டி ஓரமாக வைப்பார்கள். மேலே இருப்பவர் வந்து பதில் எழுதும்வரை அதை யாரும் தொடக் கூடாது.

“இதையும் ஹோல்டுல போட்டுரு” என்றார் ஒருவர்.

அப்படியொரு பதில் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாக ஆர்வத்தோடு பேனாவைத் திறந்தேன்.

“வேணா சார். நீ எய்தினா அவங்களுக்கும் கிளாஸ் எடுக்கணும்.”

அக்காவே தமிழில் இரண்டு வரி எழுதினார்: பழைய சர்வீஸ் தொடருமா என்று தமிழில் எழுதித் தரவும். படித்த பின் பதில் சொல்கிறேன்.

திங்கள் முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“பேப்பர திருப்பி வாங்கிக்கினாங்க சார். சர்வீச சேத்து வேற தர்றாங்களாம். படிச்சிட்டுத்தான் போடுவேன். வர்ற ஞாயித்துக்கெயம எல்லாருக்கும் ஓவர்டைம். நீ பாட்டுக்கு அட்டைய தூக்கிகினு வந்து நிக்காத.”