பதினேழாவது ஃபோல்டர்

அந்த லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவளை எல்லாரும் துடைப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. பேர் வைத்தவர் மாப்பிள்ளை. முதலாளியின் ஒரே பெண்ணைக் கட்டியவர், கட்டிய கையோடு நிர்வாகி நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தன் கையால் திருகிப் பார்க்காதவர். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் கொஞ்ச நாளில் இறங்கிவிடும் என்பார்கள். இவருக்கு ஐந்து வருடமாகியும் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அவள் அங்கே வந்தது பத்தொன்பது வயதில், போன் எடுக்கும் வேலைக்கு. எங்கேயாவது லிஃப்ட் நின்றால் போன் வரும். நோட்டில் எழுதி, எந்த மெக்கானிக்கை அனுப்பலாம் என்று யோசித்து, ஆளைப் பிடித்து அனுப்ப வேண்டும். யோசிக்கிற இடத்தில்தான் அவள் கெட்டிக்காரி. மெக்கானிக்குகளில் மூத்தவரான பெரியவருக்கு முழங்கால் வலி, ஆறு மாடிக்கு மேல் ஏறச் சொல்லக் கூடாது. நெட்டையனுக்குப் பழைய மெஷின் என்றால் உயிர், புதிய கதவு சென்சார் என்றால் அலர்ஜி. இன்னொருவருக்கு ஒரு கட்டடத்தின் காவலாளியோடு தீராத பகை. இத்தனையும் அவளுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டர் வந்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அதையும் தானாகக் கற்றாள்.

பிறகு பதினான்கு மாதம் உட்கார்ந்து ஒன்று செய்தாள். புகார் வந்ததும் கம்ப்யூட்டரே படித்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, அவருக்குச் செய்தி அனுப்பி, வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லிவிடும். மொத்தம் நாற்பத்திரண்டு படிகள். மெக்கானிக்குகளின் முழங்கால், பகை, பிரியம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கித் தனி ஃபோல்டரில் வைத்தாள். ஒன்பதாவது படி அங்கே போய்க் கேட்டுவிட்டுத்தான் மேலே நகரும். முதல் இரண்டு முயற்சி தோற்று மூன்றாவது ஓடியதால் அந்த ஃபோல்டருக்குப் பேர் 'சோதனை-3'. ஓடுகிற வண்டிக்கு யார் பேர் மாற்றிக்கொண்டிருப்பார்கள்?

அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடித்து வேலைக்குத் திரும்பினால், நாற்பத்திரண்டு படிகளும் மாப்பிள்ளையின் ஃபோல்டருக்குக் குடிபோயிருந்தன. தலைப்பில் அவர் பேர். சோதனை-3 மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "அக்கா இனிமே க்ளீனிங் பாத்துக்கட்டும். சிஸ்டம் முழுக்கப் பழைய ஃபோல்டரா குப்பை கெடக்கு. நமக்கும் ஒரு துடைப்பம் வேணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவள் முதலாளியிடம் போனாள். சோதனை-3 உருவான தேதியையும் அதன் பக்கத்தில் இருந்த தன் பேரையும் காட்டினாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"யாரு செஞ்சா என்னம்மா, ஓடுதுல்ல? குடும்பத்துக்குள்ள இதையெல்லாம் பெரிசு பண்ணக் கூடாது."

அவள் எந்தக் குடும்பத்தில் சேர்த்தி என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கூட்டுகிற வேலைதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பயன்படாத ஃபோல்டர்களுக்குப் பட்டியல் போட்டு, மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி, அழிக்க வேண்டும். திரையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலுக்கு நேராக உத்தரவு கொடுக்கிற வாசல் வழியாக, அழிப்பாள். ஃபோல்டரின் எண்ணைக் கொடுத்து ஒரே வரி. உள்ளே இருப்பதை எங்கே மாற்றுவது என்று அது ஒரு கேள்வி கேட்கும். அதைக் காலியாக விட்டால் வீட்டோடு சேர்த்து ஆளும் காலி.

எது பழையது என்பதற்கு மாப்பிள்ளை ஒரு விதி வைத்திருந்தார். நூற்றெண்பது நாளாக யாரும் திருத்தாதது குப்பை.

"கடைசியா எப்ப ஓடுச்சுன்னுதான் சார் பாக்கணும்," என்று அவள் ஆரம்பத்திலேயே சொன்னாள். "ஒழுங்கா எழுதினதை யாரும் திருத்த மாட்டாங்க. ஆனா அது பாட்டுக்கு தெனமும் ஓடிட்டிருக்கும்."

"எனக்கே பாடமா? திருத்தின தேதிதான். அவ்வளவுதான்."

அந்த விதியின்படி சோதனை-3 எப்போதோ போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு பட்டியலுக்கும் முன்னால் அவள் அதைத் திறந்து, ஒரு புள்ளி வைத்து, புள்ளியை அழித்து, சேமித்து மூடுவாள். திருத்தின தேதி புதிதாகிவிடும். இரண்டு வருடம் இப்படி ஒரு புள்ளியால் மாப்பிள்ளையின் பெருமையைக் காப்பாற்றினாள். அவருக்காக அல்ல. தன் பேர் மிச்சமிருந்த ஒரே இடம் அது.

அப்புறம்தான் ஒரு சிறு விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்தது. இந்த ஏற்பாட்டை மற்ற கம்பெனிகளுக்கும் விற்கப் போகிறார்களாம். அட்டையில் மாப்பிள்ளை கைகட்டி நின்றார். அவள் மானத்தை விட்டு அவர் அறைக்குப் போனாள்.

"கடைசிப் பக்கத்துல, ஒரு ஓரமா, என் பேரும் போடலாமா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்து உண்மையாகவே சிரித்தார். "அக்கா, தொடப்பத்தை யாராவது நடுவீட்டுல மாட்டுவாங்களா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அன்று புள்ளி வைக்க வேண்டிய நாள். வைக்கவில்லை.

நூற்றெண்பதில் தொண்ணூறு நாள் ஏற்கெனவே ஓடியிருந்தது. மிச்சத் தொண்ணூறையும் அவள் எண்ணினாள். பல் வலிக்கிறவன் டாக்டரிடம் போகிற நாளை எண்ணுவதுபோல எண்ணினாள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். துடைப்பத்துக்கு மட்டும் நிற்கத் தெரியாதா என்ன? இடையில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்துகிற சிவப்பு பட்டன் இந்தப் படிகளுக்குள் வராது, நேராகப் போன் எடுக்கும் பெண்களுக்கு அடிக்கும். அவளுக்குப் பகை ஒரே ஒரு ஆளோடுதான்.

வீட்டில் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அது போயிடுச்சுன்னா, நீ செஞ்சதுக்கு என்ன அத்தாட்சி?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"உன் மூக்கை அறுத்துக்கிட்டு அவனுக்குச் சகுனத் தடை பண்றியாக்கும்?"

"என் மூக்குதானே. அறுத்துக்கறேன்."

அண்ணி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "அப்ப கையெழுத்து வாங்கிட்டுச் செய்."

பட்டியலில் முப்பத்தொரு ஃபோல்டர்கள். பதினேழாவது, சோதனை-3. மாப்பிள்ளை காதில் போனோடு கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுக்காமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவளுக்குள் ஏதோ ஒரு நியாயம் இருந்தது.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்."

அவர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், பதினேழில் நிறுத்தினார். "சோதனை மூணா? இன்னும் எத்தனை நாள் சோதனை பண்ணிட்டே இருப்பீங்க? தூக்கிப் போடுங்க." கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலை பதினாறு ஃபோல்டர்களை அழித்தாள். பதினேழாவதை ஒரு முறை திறந்து, உருவான தேதியையும் தன் பேரையும் பார்த்தாள். அப்பா உயிரோடு இருந்த காலத்துத் தேதி. அழுகை வந்தது, மறைப்பானேன்? எங்கே மாற்றுவது என்ற கேள்வியைக் காலியாக விட்டு உத்தரவை அனுப்பினாள். 204 என்று பதில் வந்தது. காரியம் முடிந்தது, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம்.

பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். இந்த ஏற்பாட்டை வாங்கலாமா என்று பார்க்க வந்த வெளிக் கம்பெனிக்காரர்கள் பதினான்கு பேர், கையில் டீ, முன்னால் பெரிய திரை. அவள் கையெழுத்துத் தாளோடு கதவோரம் நின்றாள். மாப்பிள்ளை மாதிரிக்கு ஒரு புகாரைப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் பச்சையாகிக்கொண்டே வந்தன. ஒன்பதாவது சிவப்பானது. மறுபடி போட்டார். மறுபடி சிவப்பு.

"நீங்க கட்டினதுதானே மாப்பிள்ளை," என்றார் முதலாளி சிரித்தபடி. "சரி பண்ணிடுங்க."

மாப்பிள்ளை நாற்பத்திரண்டு படிகளையும் மேலும் கீழும் உருட்டினார். வந்தவர்களில் ஒருவர், பாவம், ஆர்வமாகவே கேட்டார்: "அந்த ஒன்பதாவது என்னங்க பண்ணும்?"

"அது வந்து... ஒரு சிஸ்டம் படி."

முதலாளியின் சிரிப்பு மெல்லக் கழன்றது. மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டியதை அவள் பார்த்தாள். இரண்டு வருடமாகச் சாப்பிட்ட எதுவும் அவ்வளவு ருசித்ததில்லை. வெளியே நிஜப் புகார்களும் நின்றுபோய், போன் பெண்கள் பழைய நோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அவர் அவள் மேஜைக்கே வந்தார். "மேடம்" என்றார். அவள் தாளை நீட்டி, பதினேழாவது வரியில் விரல் வைத்தாள்.

"திரும்பக் கொண்டு வர முடியாதா?"

"அழிச்சா அழிச்சதுதான் சார்."

"நீங்க மறுபடி எழுதிக் குடுங்க. உங்க பேரைப் போடறேன். ஓரத்துல இல்ல. மேலயே."

இரண்டு வருடமாக அவள் கேட்டது அதுதான். அவர் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு எழுதத் தெரியாதே சார். நான் துடைப்பம். கூட்டத்தான் தெரியும்."

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லும்மா, இது யாரு செஞ்சது?"

"மாப்பிள்ளை செஞ்சது முதலாளி. குடும்பத்துக்குள்ள நான் என்ன பேசறது?"

அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அடுத்த நாள் பெரியவர் முழங்காலைப் பிடித்தபடி அவள் மேஜையைக் கடந்து போனார். போன் எடுக்கும் புதுப் பெண்ணுக்கு என்ன தெரியும், அவரைப் பதினோராவது மாடிக்கு அனுப்பிவிட்டாள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. படி ஏறினால் நல்ல தூக்கம் வரும் என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சீட்டை எடுத்தாள். "பெரியவர்: ஆறு மாடிக்கு மேல் வேண்டாம்" என்று எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். கீழே தன் பேரைப் போடவில்லை. தலைக்குள் மிச்சம் எல்லாமே ஒன்றுவிடாமல் இருந்தது. அதை எழுதவில்லை.