அக்கரைக்குக் கேட்ட ஹலோ

எங்கள் தெருவில் அவரை ‘ஹலோக்கா’ என்பார்கள். கேலிப் பெயர்தான். போனை எடுத்தால் அவர் வாயில் ஹலோ வராது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுப்பவர். ஹலோ என்றால் எதிர்முனையும் ஹலோ என்னும். உயிர் ஊசலாடும்போது அது வீண் என்று பயிற்சியிலேயே அந்தச் சொல்லை நாக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். முதல் வார்த்தையே ‘எங்க இருக்கீங்க?’தான்.

“வீட்டு மாடியில நின்னு கூப்பிட்டாலும் ‘எங்க இருக்கீங்க’ங்கறா. தப்பே பண்ணாதவனுக்கும் வேர்த்துடுது” என்பார் பஸ் ஓட்டும் அவர் கணவர்.

ஹலோ ஆரம்பத்தில் முகமன் அல்ல, கூப்பாடு. தொலைவில் போகிறவரை நிறுத்தவும் வேட்டை நாயை ஏவவும் ஆங்கிலேயர் ‘ஹொல்லோ’, ‘ஹல்லோ’ என்று கத்தினார்கள். அக்கரையில் நிற்கும் ஓடக்காரரை அழைத்த பழைய ஜெர்மன் கூவலிலிருந்து அது வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். தொலைபேசி வந்த பிறகுதான் அந்தக் கூப்பாடு அடங்கி, மரியாதைச் சொல்லாக மாறியது.

அன்று பகலில் ஓர் அழைப்பு. “எங்க இருக்கீங்க?”

“வீட்ல... தனியா... கை நடுங்குது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்... நெஞ்சு...”

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு பேச்சில்லை. திரையில் தெரிந்தது கைப்பேசிக் கோபுரம் மட்டும். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள். எந்த வீடு?

“ஐயா, பேசுங்க! பக்கத்துல யாராவது இருக்கீங்களா?”

பதிலுக்கு, சுவரைத் துளைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். மிக அருகில். அப்படியானால் அங்கே ஒரு ஆள் இருக்கிறான்.

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். “அக்கா, கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க. அதுதானே விதி?”

“விழுந்து கிடக்கிறவர் எப்படி சார் எடுப்பார்? விட்டா போச்சு.”

இரைச்சல் நின்றது. ஹலோக்கா கத்தினார். வாக்கியம் முடிவதற்குள் இயந்திரம் மீண்டும் விழுங்கிவிட்டது. அடுத்த இடைவெளியிலும் அதே கதி. நீளப் பேச நேரமில்லை. சுவரைத் தாண்ட ஒரே ஒரு சொல் வேண்டும்.

இரைச்சல் நின்ற கணத்தில் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கூவினார்.

“ஹலோ... ஓ... ஓ!”

அறையில் எல்லாத் தலைகளும் திரும்பின. மீண்டும் இரைச்சல். மீண்டும் இடைவெளி. “ஹலோ... ஓ... ஓ!” தொண்டை கிழிந்தது. மேற்பார்வையாளர் அவருக்கு வரவிருந்த அழைப்புகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்.

இந்த முறை இரைச்சல் திரும்பவில்லை. கதவு தள்ளப்படும் ஓசை.

“யாரும்மா அது, ஊரைக் கூட்டுறது? ஐயையோ, பெரியவர் விழுந்து கிடக்காரே!”

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“நான் பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்தவன். அட்ரஸ் தெரியாதும்மா.”

“மூச்சு வருதா பாருங்க.”

“வருது. கொறட்டை மாதிரி.”

“ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாசலுக்கு ஓடி, கதவு நம்பரும் தெருப் பேரும் படிச்சுச் சொல்லுங்க. போனைக் கையிலயே வச்சுக்குங்க!”

படித்தான். வண்டி கிளம்பியது. அது போய்ச் சேரும்வரை அவர் அந்த மனிதனைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வேறொரு குரல் வந்தது. “ஆம்புலன்ஸ் நர்ஸ் பேசுறேன். நாடி இருக்கு, வண்டியில ஏத்திட்டோம். லைனை விடலாம்.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். குரல் போயிருந்தது. மேற்பார்வையாளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது கணவர் அழைத்தார். ஹலோக்கா எடுத்தார்; வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது. வழக்கமான கேள்வி வராததில் அந்தப் பக்கம் பதறிப்போனது.

“ஹலோ? ஹலோ! அடியே, ஹலோ!”

உள்ள மூச்சையெல்லாம் திரட்டினார்.

“இங்கதான் இருக்கேன். கத்தாதீங்க.”