மருந்துக்கடையில் கேட்ட குரல்

கட்டுகஸ்தோட்டை மருந்துக்கடை வரிசையில் நின்றபோது, மருந்து எடுத்துக் கொடுப்பவரின் குரல் கேட்டது. "அவசரமில்லங்க, மெதுவா சொல்லுங்க." எட்டிப் பார்த்தேன். அதே குரல்!

மலையகத் தமிழர்கள் மனப்பாரத்தை ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுகிற இணையக் குழுவை ஞாயிறுதோறும் நடத்துபவர் அவர். அங்கே யாரும் முகம் காட்டுவதில்லை. யாராவது அழுதால் அவர் இடைமறிக்க மாட்டார். அழுது முடியும்வரை காத்திருப்பார். அலுவலகத்தில் "தோட்டத்து ஆள்" என்று என்னை இளக்காரம் செய்வதைச் சொல்லத்தான் நானும் சேர்ந்தேன். ஆனால் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை.

நேரில் பார்த்தால் நரைத்த பின்னல், தடித்த கண்ணாடி, என் தோள் உயரம்கூட இல்லை. என் முறை வந்ததும் மெல்லச் சொன்னேன்: "அக்கா, நானும் ஞாயித்துக்கிழமை குழுவில இருக்கேன். பேசினதே இல்ல."

அவர் கண்கள் விரிந்தன. "பேருக்குப் பதிலா ஒரு புள்ளி மட்டும் போட்டு வர்றது நீங்களா? நீங்க வந்தாச்சான்னு பாத்துட்டுதாங்க ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பேன்!"

மருந்தை வாங்கிக்கொண்டு மகாவலி ஆற்றுப் பாலத்தை ஏறக்குறைய ஓடியே கடந்தேன். வாயே திறக்காத ஒருவனை அவர் ஏன் அப்படித் தேடினார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் பேசியவன் நான்தான்.