வாசலில் ஒரு பித்தளைத் தகடு

எங்கள் வீட்டுக் கதவுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, முட்டை வடிவம். நடுவில் சிறகு விரித்த ஒரு பறவை, அதன் கீழே பிரெஞ்சு எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர். ஓரத்தில் திருகாணி போடும் ஓட்டைகள். அவற்றில் ஒன்று பிய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தீயில் கறுத்தது, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன ஆபீஸா பாட்டி?" என்பார்கள். "ஆமாம்ப்பா, மூடிப்போன ஆபீஸ்" என்று சொல்லிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்வேன்.

வியட்நாமில், சைகோன் நகரத்தில் என் தாய்மாமாவுக்கு இன்சூரன்ஸ் தரகு. காரைக்காலிலிருந்து போன குடும்பம் எங்களுடையது. மாதா கோயில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு மாமாவின் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை என்று என் வாழ்க்கை அந்த ஊரிலேயே ஓடியது. மாமா எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. மூன்று கம்பெனிகளின் விலையையும் கேட்டு, எது கடைக்காரருக்கு ஆதாயமோ அதில் பாலிசி எடுத்துக் கொடுப்பார். சந்தையைச் சுற்றிக் கடை வைத்திருந்த தமிழர்கள் அவரை, பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதற்குச் சொல்கிற மாதிரி, 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். இருந்த இடத்தில் இருக்கமாட்டார் மனிதர். காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். கடிதம் சொல்லும்போது ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார், நான் பாதி வாக்கியத்தை அவர் முதுகிடமிருந்து கேட்டு எழுதவேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பாலிசி முழுக்கப் பிரெஞ்சில் இருக்கும். கடைக்காரர்களுக்கு அது ஒரு எழுத்தும் புரியாது. தகடுதான் புரியும். தீப்பாலிசி எடுத்த கடைக்கெல்லாம் கம்பெனி இந்தப் பித்தளைத் தகட்டைக் கொடுக்கும். மாமா தானே திருப்புளியோடு போய், ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் நிலைக்கு மேலே அதைப் பொருத்திவிட்டு இறங்குவார். கையைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையிலும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்: "தகடு இருக்குல்ல, போய்த் தூங்குங்க." வெள்ளிக்கிழமை அந்தத் தகட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர்கள்கூட உண்டு. மாமா வேதக்காரர், சிரித்துக்கொள்வாரே தவிர வேண்டாம் என்று சொன்னதில்லை. நீண்ட விளக்கம் சொல்லும் வேலை மிச்சம் என்று அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

வடக்கு வியட்நாமோடு நடந்த சண்டை பெரிதாகப் பெரிதாக அந்தத் தொழிலின் தரை ஆட ஆரம்பித்தது. முதலில் ஒரு கம்பெனி மூட்டை கட்டியது. பிறகு இன்னொன்று. மிஞ்சிய கம்பெனி, சண்டையால் வரும் தீக்கு ஈடு கிடையாது என்று பாலிசியில் ஒரு வரியைச் சேர்த்தது. அந்தக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு இளம் இயக்குநர் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். தரகர்களே வேண்டாம், நாங்களே கடைக்கு ஆள் அனுப்பிக்கொள்கிறோம் என்பது அவர் கொள்கை. அவர் அனுப்பிய ஆட்கள் டை கட்டிக்கொண்டு, நாட்காட்டியும் பேனாவும் இனாமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அந்தப் புது வரியைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை. மாமாவோ கடை கடையாக ஏறி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "சண்டையில எரிஞ்சா கிடையாதுன்னா அப்புறம் என்ன எழவுக்கு முசே இது?" என்று கேட்டுவிட்டு, அதே கடைக்காரர் மறுநாள் டை கட்டியவனிடம் கையெழுத்துப் போடுவார். "நீங்களும் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன மாமா?" என்று கத்தியிருக்கிறேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவார்.

கடைசிவரை மாமாவை விட்டுப் போகாமல் இருந்தவர்களில் ஒருவர் துணிக்கடைப் பிள்ளை. எங்கள் ஊர்க்காரர். அவர் மனைவி வியட்நாமியப் பெண், காரைக்கால் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். குழந்தைகள் சின்னதுகள். இருக்கும் சரக்கை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறுவதுதான் பிள்ளையின் திட்டம். அவரிடம் இருந்ததெல்லாம் அந்தத் துணி மூட்டைகள்தான்.

அந்த வருஷம் வியட்நாமியப் புத்தாண்டில் சண்டை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. வேட்டுச் சத்தம் பட்டாசா துப்பாக்கியா என்று தெரியாமல் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தோம். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அவரவர் பொருளை அங்கே இங்கே ஒளிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை பிள்ளை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேட்டியெல்லாம் கரி. கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். கான் ஹொய் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கை வைத்திருந்தாராம். பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து, வரிசையாகப் பிடித்துக்கொண்டதாம். ஒரு முழம் துணி மிஞ்சவில்லை. இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் பதற்றமே இல்லை, அதுதான் எனக்குத் திக்கென்றது.

"சண்டைத் தீ இல்லை முசே, அடுப்புத் தீ. ஊரே சாட்சி. நீங்க சொன்ன அந்த வரி இதுக்கு வராதுல்ல?"

"வராது," என்றார் மாமா. "ஆனா பிள்ளை, பாலிசி உங்க கடைக்குத்தானே? கிடங்குக்கு மாத்தினதை எங்கிட்டச் சொல்லலையே?"

பிள்ளை சிரித்தார். துண்டைப் பிரித்தார். "அது தெரியாதா எனக்கு? கடையில இருந்து தகட்டைக் கழட்டிக் கொண்டுபோய்க் கிடங்கு வாசல்ல அடிச்சுட்டேன்ல! சண்டை நேரத்துல உங்களை எதுக்கு அலைய வைக்கணும்னு நானே ஏறி முடுக்கினேன். கதவு எரிஞ்சும் தகடு பாருங்க, பத்திரமா இருக்கு."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். தகட்டைத் திரும்பத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்து, "நான் பாத்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். பிள்ளை போனதும் நான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகிவிட்டேன். இடமாற்றக் கடிதம் ஒன்றை முன்தேதி போட்டு அடித்தால் முடிந்தது என்றேன். "கம்பெனிக்கு வர்ற ஒவ்வொரு காகிதத்துக்கும் வந்த தேதி போட்டு முத்திரை குத்துவாங்கம்மா. மாட்டிக்கிட்டா பிள்ளையையும் திருடன்னு சொல்லிருவாங்க," என்று தாளை உருவினார்.

பழைய கத்தினா தெருவில் இருந்த கம்பெனிக்கு நானும் கூடப் போனேன். இயக்குநர் மரியாதையாகத்தான் பேசினார், அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை. தகடு ஒரு விளம்பரம், அவ்வளவே என்றார். மாமா விடவில்லை. தகட்டைக் கொடுத்தது கம்பெனி, அது வாசலில் இருந்தால் காப்பு உண்டு என்று ஜனங்கள் நம்பியபோது வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாததும் கம்பெனி என்று வாதாடினார். இயக்குநர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். சட்டப்படி ஒன்றும் தரவேண்டியதில்லை. ஆனாலும் முசே தன்னிடம் மிஞ்சியிருக்கும் வாடிக்கைக்காரர்கள் அனைவரையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, தரகுத் தொழிலை விட்டு விலகிக்கொள்வதாக இருந்தால், பிள்ளைக்குக் கருணையாக ஏதாவது செய்யலாம். முழுசும் இல்லை, கப்பல் ஏறி ஊரில் ஒரு சின்னக் கடை போடும் அளவுக்கு.

வெளியே வந்து மாமா நடக்க ஆரம்பித்தார். ஆற்றங்கரைவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நான் செருப்பு அறுந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். "பிள்ளை பண்ணின முட்டாள்தனத்துக்கு நீங்க ஏன் தொழிலை விடணும்?" என்று நடுத்தெருவில் கேட்டேன். அவர் நின்றார்.

"தகடு இருக்கு, போய்த் தூங்குன்னு அவருக்குச் சொன்னது யாரு?"

மறுநாள் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். தான் பொருத்திய தகட்டையெல்லாம் தானே கழற்ற ஆரம்பித்தார். கடைக்காரர்கள் பதறினார்கள். "நல்லா இருக்கற கடையில கை வைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?" என்று ஒருவர் அழாத குறையாகக் கேட்டார். "இது வெறும் பித்தளை. காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்று ஸ்டூல்மேல் நின்றபடியே மாமா சொல்லிக்கொண்டு போனார். சந்தனம் காயாத தகடுகள் சாக்குப்பையில் விழுந்து சலசலத்தன. அந்த மூட்டையை இயக்குநரின் பளபளப்பான மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

பிள்ளைக்குப் பணம் வந்தது. அதற்கு மாமா கொடுத்த விலை என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாமா என்னை மாதா மேல் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தார். வழியனுப்பத் துறைமுகத்துக்கு நான்தான் போனேன். பிள்ளையின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை தன் மூட்டைக்குள் துழாவித் தகட்டை எடுத்தார்.

"பாத்தியாம்மா, கடைசியில தகடுதான் காப்பாத்திச்சு. மாமாகிட்டக் கொடுக்காதே. அவருக்கு என்னமோ ஆயிருச்சு, எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுத் திரியறாராம். நீ வச்சுக்க."

மாமாவுக்குச் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமா ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனார். உட்காரத் தெரியாத மனிதரைக் காலையிலிருந்து மாலைவரை உட்காரவைத்த வேலை. மேசைக்கடியில் அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எங்களோடு ஊர் திரும்பியும் அந்தக் கால் அடங்கவில்லை. கடைசிப் படுக்கையிலும் போர்வைக்குள் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

போன மாதம்தான் இந்த வீட்டுக்கு மாறினோம். என் மகள் ஃபோனிலேயே வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டினாள், ஒரு வரியும் படிக்கவில்லை. "தீப்பிடிச்சா யார்டி வருவா?" என்றேன். "நம்பர் இருக்கும்மா" என்றாள். நான் மாமாவின் திருப்புளியைத் தேடி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தகட்டைக் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். காரைக்காலில் இருந்த வீட்டுக்கும், பிறகு சென்னையில் மாறிய வாடகை வீடுகளுக்கும் இப்படித்தான் கழற்றிக் கழற்றிக் கொண்டுபோனேன், பிள்ளை கிடங்குக்குக் கொண்டுபோன மாதிரியே. அது வெறும் பித்தளை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்து என்ன செய்ய. மூட்டைகள் பிரிக்காமல் கிடந்த அன்று, கடைசித் திருகாணி இறுகும்வரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "ஏன்மா இப்படி அலையறே?" என்று மகள் அதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மாட்டியாச்சு பாட்டி, இனிமே போய்த் தூங்குங்க."