கோட்டெல்லாம் வீட்டுக்குப் போன வாரம்

சலவைக் கடை கைமாறப் போகிறது என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்களாம். சலூன்காரர் காதில் விழுந்த சேதி எப்போது அங்கேயே தங்கியிருக்கிறது? கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"கடையை வித்தாச்சாமே, கோட்டக்கா?"

"யாரு சொன்னா?"

"ரொட்டிக் கடையில பேச்சு. வாங்கறவன் இடிச்சுத் தள்ளிட்டு கார் நிறுத்த இடம் பண்ணப் போறானாம்."

"நீங்க முடியை மட்டும் வெட்டுங்க அண்ணே. கடையை விட்டுடுங்க."

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, அவர் போனதும் தேய்த்து மடித்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

வயதில் மூத்தவர்கள்கூட அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் குளிர்காலம் நீளம், வீடுகள் சின்னவை. வெயில் தலைகாட்டியதும் கனத்த கோட்டுகளைச் சலவைக்குப் போடுவார்கள். திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வரமாட்டார்கள். "ரெண்டு மாசம் இங்கேயே கிடக்கட்டுமே அக்கா" என்று யாரோ ஒருத்தி இழுக்க, இவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பின்னறையில் மூன்று நீளக் கம்பிகள். கோடை முழுக்க ஊரின் கோட்டுகள் அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொங்கும். நடுவே போக வேண்டுமென்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அவள் இந்தக் கடைக்கு வந்ததே ஒரு வாரத்துக்கு என்றுதான். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு முதுகு ஒடிந்த வருடம் அது. பிரசவத்துக்குப் போன ஒருத்திக்குப் பதிலாக வந்தாள். போனவள் திரும்பவில்லை, வந்தவளும் போகவில்லை. வீட்டில் அடுப்பு அவர் பொறுப்பு, வருமானம் இவள் பொறுப்பு என்றாகிப் பத்தொன்பது வருடம். பெரியவளைக் கட்டிக்கொடுத்ததும் சின்னவள் காலேஜில் படிப்பதும் இந்த நீராவியில்தான்.

போன வருடம் இதே தெருவில் செருப்புக் கடை ஒரே நாளில் மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு உள்ளே, தைக்கக் கொடுத்த செருப்பெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. சாவிதான் யாரிடமும் இல்லை. ஜனங்கள் மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னவளின் ஷூவும் அதில் ஒன்று.

அந்த நிலைமை தன்னை நம்பிக் கொடுத்தவர்களுக்கு வரக்கூடாது என்று கோட்டக்கா முடிவு கட்டினாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் முழங்கால் வைத்தியத்துக்காக வெளியூர் போயிருந்தார், ஆனாலும் அவரிடம் போன் இருந்தது. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அவரை விட்டுவிட்டு ஊரிலுள்ள மற்ற எல்லோருக்கும் போன் போட்டாள்.

"வெயில் மண்டையைப் பொளக்குது அக்கா. இப்ப கோட்டை வெச்சு நான் என்ன பண்ண?"

"கட்டிலுக்கு அடியில தள்ளும்மா. உன் பொருள் உன் வீட்டுல இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

ஜனங்கள் வந்தார்கள். தபால்காரர் தன்னுடையதும் மனைவியுடையதுமாக இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் போனார். "என்னய்யா, கரடி பிடிச்சுட்டு வர்றியா?" என்று சலூன் வாசலிலிருந்து குரல் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் மூன்று கம்பிகளும் மொட்டையாகிவிட்டன. கோட்டக்கா பின்னறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது.

மறுநாள் முதலாளி கைத்தடியோடு வந்து இறங்கினார். கூடவே பக்கத்து ஊரில் சலவைக் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும். அந்த ஆளை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். போன மாதம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தவரைக் கரண்டு ஆபீஸ்காரர் என்று நினைத்திருந்தாள்.

மூவரும் பின்னறைக்குள் போனார்கள். வெறும் கம்பியை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"போன மாசம் இதுக்குள்ள நுழைய முடியல. அதைப் பார்த்துத்தானே சரின்னு சொன்னேன்" என்றது அந்த ஆளின் குரல்.

"ஊரே மூட்டை கட்டிக்கிட்டுப் போகுதுன்னு ரொட்டிக் கடையில சொன்னாங்க, நான்தான் நம்பல" என்றாள் மனைவி. "எல்லாரும் கைவிட்ட கடையையா பெரியவரே எங்க தலையில கட்டப் பார்த்தீங்க?"

முதலாளி வாய் திறப்பதற்குள் அவர்கள் கார் கிளம்பிவிட்டது.

"கோட்டெல்லாம் எங்கம்மா?"

அவள் சொன்னாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அவன் இடிக்க வரலம்மா. கடையைக் கடையாவே நடத்த வந்தான். நீ இருந்தாத்தான் கொடுப்பேன்னு சொல்லியிருந்தேன், அதுக்கும் ஒத்துக்கிட்டான். கார் நிறுத்த இடம் கேக்கறது வேற ஒருத்தன். அவனை நான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா."

"பேச்சு முடியட்டும்னு இருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் காலிக் கம்பிகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இவரு வேண்டாம்னுட்டா?"

"அந்த இன்னொருத்தன்தான். என் காலு இன்னொரு குளிர்காலம் தாங்காதும்மா."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கவுண்டர் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நம்பரைச் சொல்லுங்க."

"நான் பேசறேனே."

"நீங்க பேசினா விக்கிறவர் பேச்சுன்னு நினைப்பாங்க. காலி பண்ணது நான். நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மணி அடித்தது. என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்: ஜனங்க கடையை விட்டுப் போகலைங்க, நான்தான் அனுப்பி வெச்சேன். கேட்பவனுக்குப் பைத்தியக்காரிப் பேச்சாகத்தான் இருக்கும். இருந்தாலும் நடந்தது அதுதானே.

மணி அடித்து ஓய்ந்தது.

"காரை ஓட்டிக்கிட்டு இருப்பான்" என்றார் முதலாளி.

"பக்கத்துல அந்தம்மா இருக்காங்கல்ல?"

அவள் மறுபடி எண்களை அழுத்தினாள். அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. முதலாளி கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து, ரிசீவருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.