மொக்கைச்சாமியின் நாலாவது கல்

பதினேழு ரூபாய் இருபது பைசா. சங்கிலி அண்ணனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. கைமாற்றாக வாங்கியதில்லை. ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு ஆன செலவு அது.

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நானில்லை; கப்பலூரில் மூட்டை தூக்குகிறவன். முப்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததும் முதலில் எழுத நினைத்தது இதைத்தான். வெட்கத்தில் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

1974, ஐப்பசி மாதம். அப்போது நான் சைக்கிளில் படப்பெட்டி கொண்டுபோகிற வேலையில் இருந்தேன். எங்கள் முதலாளிக்கு இரண்டு டூரிங் கொட்டகைகள். ஒன்று நாகமலை புதுக்கோட்டையில். இன்னொன்று மேற்கே நாலு மைல் தள்ளி. இரண்டுக்கும் படம் ஒன்றுதான். புதுக்கோட்டையில் ஓடி முடிந்த ரீல்களை உடனுக்குடன் நான் மேலக் கொட்டகைக்குச் சேர்க்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு நாலு நடை. நேரம் தவறக் கூடாதென்று முதலாளி ஒரு பழைய கைக்கடிகாரம் கொடுத்திருந்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் முள் பார்க்கத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை புதிதாக மாற்றியது ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். பதினைந்து வருஷத்துக்கு முந்தியது. மதுரையில் கலர் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதும் அதற்கு ஆள் வந்தது. ஏனென்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் களத்தில் நெல் காணாமல் போனாலும், கிணற்றில் பிணம் மிதந்தாலும், செய்தவன் யாரென்று கடைசிவரை வெளியே வராது. தெரிந்தவனும் வாயைத் திறக்க மாட்டான். அந்த மாதிரிப் படத்தில் மட்டும் கோட்டுப் போட்ட ஒருவர் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பார். அவர் நிழல் சுவரில் பெரிதாக விழும். விரலை நீட்டுவார். அந்த விரலைப் பார்க்கத்தான் நாற்பது பைசா கொடுத்து ஈர மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

குற்றவாளி யாரென்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் மொக்கைச்சாமி அண்ணனை யாரும் மிஞ்ச முடியாது. கிணறு வெட்டுகிறவர். மேலக் கொட்டகையில் நடுத்தூணில் சாய்ந்து உட்காருவார். படத்தில் எத்தனை பேர் மேல் சந்தேகமோ அத்தனை கூழாங்கல்லை முன்னால் வரிசையாக வைப்பார். ஒருவன் குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கல்லை எடுத்து இருட்டில் வீசி, "நீ இல்ல, போ" என்பார். கடைசியில் மிஞ்சும் கல்லை உள்ளங்கையில் மூடிக்கொள்வார். அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அன்று முதல் பெட்டியோடு போனபோது கேட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை கல்லு?"

"அஞ்சு இருக்கு. பத்தலைன்னா ஒன் சைக்கிள் பெல்லைக் கழட்டி வச்சுக்கிறேன்."

"பெல்லு காணாமப் போயி மூணு மாசமாச்சுண்ணே."

"பாத்தியா! அதுக்கும் ஒரு களவாணிப்பய இருக்கான். எல்லாம் கண்டுபிடிக்கணும்டா அழகு."

போன தடவை இந்தப் படம் வந்தபோது அவர் காய்ச்சலில் கிடந்தாராம். இன்று விடுவதில்லை என்று சிரித்தார்.

ஒன்பது நாற்பதுக்குப் புதுக்கோட்டையில் கடைசிப் பெட்டியை எடுக்கப் போனேன். இரண்டே ரீல் பிடிக்கிற சின்னப் பெட்டி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெஷின் அறையில் வேலை பார்த்த சங்கிலி அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"வாசல்ல ரெண்டு பெட்டி இருக்கு அழகு! பேரைப் பாத்து எடுத்துக்க. இன்னொன்னு காலையில மதுரைக்குத் திரும்புறது."

எப்போதும் நான் எடுக்க வேண்டிய பெட்டியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அன்று தேடினேன். இல்லை. மழை அழித்திருந்தது. இரண்டு பெட்டியிலும் பேர் ஒட்டிய காகிதம் மட்டும் இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எதுண்ணே?" என்று கேட்டிருக்கலாம். ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

கேட்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் இருந்ததைத் தூக்கிக் கட்டினேன்.

பதினொன்று முப்பத்தைந்து. மேலக் கொட்டகைத் திரையில் கோட்டுக்காரர் விரலைத் தூக்கினார். ரீல் முடிந்தது. இருட்டு. ஆப்பரேட்டர் நல்லகாமன் என் பெட்டியைத் திறந்து அவசர அவசரமாக மாட்டினார். திரையில் ஏழெட்டுப் பெண்கள் வளைகாப்புப் பாட்டுப் பாடினார்கள்.

"அடேய், கொலைகாரனுக்கு வளைகாப்பாடா?" என்று ஒருத்தன் கத்தினான். முதலில் சிரிப்பு. அப்புறம் மண்ணை வாரி எறிந்தார்கள். போய் மாற்றி வர ஒன்றரை மணி நேரமாகும். முதலாளி காசைத் திருப்பிக் கொடுத்தார். விற்றது நாற்பத்து நாலு டிக்கெட். காசு வாங்கியது நாற்பத்து மூன்று பேர்.

"ஒருத்தன் வாங்கலையே?"

"மொக்கைச்சாமி தூணோரம் தூங்குறாப்ல மொதலாளி. மழை விடட்டும், எழுப்பிக்கிறேன்" என்றார் நல்லகாமன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "யாருடா மாத்துனது?"

"சங்கிலி அண்ணந்தான் எடுத்துக் குடுத்தாரு."

வாய் தானாகச் சொன்னது. நெஞ்சு அடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"பதினேழு இருவது. அவன் சம்பளத்துல பிடிச்சிர்றேன்" என்றார்.

தப்பான பெட்டியை விடிவதற்குள் புதுக்கோட்டைக்குத் திருப்ப வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினேன். மழை. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

ஒன்று ஐந்து. பாதி வழியில் ஓடைப் பாலம்.

க்ளிங்...

பெல் சத்தம்.

என் சைக்கிளில் பெல் இல்லை.

காலை ஊன்றி நின்றேன். பாலத்துக் கட்டைச் சுவரில் மொக்கைச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் நனைந்து ஒழுகினேன். அவர் தோளில் கிடந்த துண்டு காய்ந்திருந்தது.

"அண்ணே... தூங்குறீங்கன்னாங்க. எனக்கு முன்னாடி எப்பிடி வந்தீங்க?"

"படம் முடியலையே அழகு."

"பெட்டி மாறிப்போச்சுண்ணே."

"யாரு மாத்துனா?"

"சங்கிலி அண்ணன்..."

அவர் கையை விரித்தார். நாலு கல்.

"இது மொதலாளி. பெட்டியத் தொடவே இல்ல. நீ இல்ல, போ." ஓடையில் வீசினார். தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை.

"இது நல்லகாமன். குடுத்ததை ஓட்டுனவன். நீ இல்ல, போ."

சத்தமில்லை.

"இது சங்கிலி." ஓங்கிய கை நின்றது. "பேரைப் பாத்து எடுன்னு சொன்னான்ல?"

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை...

"ஆமாண்ணே."

"நீ இல்ல, போ." கிழக்கே வீசினார்.

முகத்தைப் பார்க்கப் பயந்து மணியைப் பார்த்தேன். ஒன்று பத்து.

ஒரு கல் பாக்கி.

"பேரைப் பாத்தியா அழகு?"

பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

என் கையை இழுத்து அதில் கல்லை வைத்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. கல் காய்ந்திருந்தது.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

மிதித்தேன். எப்படி மிதித்தேனோ... வழியில் மூன்று தடவை பெல் அடித்தது.

ஒன்று நாற்பதுக்குப் புதுக்கோட்டை. சங்கிலி அண்ணன் தூங்காமல், அரிக்கேன் விளக்கோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இறுக்கி மூடியிருந்தார். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "பெட்டிய வச்சுட்டுப் படு" என்றார். அவ்வளவுதான்.

காலை ஆறரைக்கு நல்லகாமன் ஓடி வந்தார். மொக்கைச்சாமி அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. தூணில் சாய்ந்தபடி விறைத்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். மடியில் கடலைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. முன்னால் மணலில் ஐந்து கல் வரிசையாக இருந்தன.

ஐந்தும்.

படத்தில் இடைவேளை முடிந்த முதல் காட்சியிலேயே, சந்தேகத்தில் இருக்கும் ஐந்து பேரில் காவல்காரன் குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிடும். அவன் கல்லைக்கூட அவர் வீசவில்லை. இடைவேளை பத்தே காலுக்கு. அதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது. அந்நேரம் தப்பான பெட்டி என் சைக்கிளில் வந்துகொண்டிருந்தது. பொய்யை நான் இன்னும் சொல்லவே இல்லை.

சங்கிலி அண்ணன் சம்பளத்தில் பணத்தைப் பிடித்தார்கள். அந்த மாதம் அவர் வீட்டில் அண்ணி பிள்ளைத்தாய்ச்சி. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் படம் பிறகும் பல தடவை வந்தது. இன்றும் கூட்டம் குறையவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் போவேன். கோட்டுக்காரர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்ததும் எழுந்து வந்துவிடுவேன். அந்த விரல் என் பக்கம் திரும்பிவிடும் என்று இருக்கும். கொலைகாரன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1983இல் கப்பலூர் இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்து முடித்தேன். பசுமலையில் சங்கிலி அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். பணத்தை எண்ணி வைத்து, உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டா" என்றார்.

"எப்பிடிண்ணே?"

"ஒனக்கு எழுத்துத் தெரியாதுன்னு மொத மாசமே தெரியும். பெறகு எதுக்கு சாக்பீஸ்ல குறி போட்டேன்? பேரைப் பாருன்னது நீ கொறச்சலா நெனைக்கக் கூடாதுன்னுதான். அன்னைக்கு மழைய நெனைக்காம விட்டுட்டேன்."

"அப்ப ஏண்ணே சொல்லலை?"

"அம்புட்டுப் பேரு முன்னாடி ஒன்னைய எழுத்துத் தெரியாதவன்னு சொல்லவா?"

அவர் கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்தார்.

"அன்னைக்கு ராத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன். இது மடியில வந்து விழுந்துச்சு. மொக்கைச்சாமி அண்ணன் குரலு. 'நீ இல்ல, போ'ன்னு. எதுக்குச் சொல்றாருன்னு வெளங்கலை. பெட்டி மாறுன சேதியே அப்ப எனக்கு வரலையேடா."

"மணி...?"

"ஒன்னு பத்து. கொட்டகைக் கடிகாரத்தப் பாத்தேன்."

பாலத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் இரண்டு மைல்.

என் கல் சட்டைப் பையில் கனத்தது. ஒன்பது வருஷமாக அதை எறிய முயன்று பார்த்திருக்கிறேன். எறியும்போது சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் வராது.

சங்கிலி அண்ணன் பதினேழு ரூபாய் இருபது பைசாவையும் எடுத்துக் கல்லாவில் போட்டு மூடினார்.

"கடன் தீந்துச்சு. போ" என்றார்.

'நீ இல்ல' என்று சொல்லவில்லை.